தட்டணுத் தூசியும் புற்றுநோயும்

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களில் உளி படுந்தோறும் கற்பொடி உதிர்கிறது. சிலையை நோக்கும் நாம் பொடியைப் பொருட்படுத்துவதில்லை. பிளேட்லெட் என்று பலரும் அறிந்த இரத்தத் தட்டணுக்களிலிருந்து உதிரும் நுண்துகள்களும் நெடுநாள் அவ்வாறே கருதப்பட்டன. 1967-இல் அவற்றை ஆராய்ந்த பீட்டர் உல்ஃப் 'தட்டணுத் தூசி' என்றே குறிப்பிட்டார். அவை தூசியல்ல, செய்தி சுமக்கும் நுண்பைகள் என்பதை இன்று அறிவோம்.

ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1.5 இலட்சம் முதல் 4.5 இலட்சம் வரை தட்டணுக்கள் இருப்பது இயல்பு. காயம்பட்ட இடத்தில் ஒன்றுகூடி இரத்தப்போக்கை நிறுத்துவது அவற்றின் முதன்மைப் பணி. தூண்டப்பெறும்போது அவை தம் மேலுறையின் சிறு பகுதிகளை நுண்பைகளாக வெளியிடுகின்றன. அவற்றினுள் புரதங்களும் கொழுப்புகளும் நுண் ஆர்.என்.ஏ. இழைகளும் உள்ளன.

புற்றுநோய் அணுக்கள் தட்டணுக்களைத் தூண்டவல்லவை. வெளிப்படும் நுண்பைகள் அவ்வணுக்களின்மேல் ஒட்டி, தம்மிடமுள்ள பொருள்களை அளிக்கின்றன. அதனால் அணுவினுள் 'பெருகு', 'இடம்பெயர்' என்னும் கட்டளைகள் வலுப்பெறக்கூடும். நுரையீரல் புற்றணுக்களைக் கொண்டு நிகழ்த்தி 2005-இல் வெளியான ஆய்வு இதனைக் காட்டியது. ஆயினும் இது ஒரு பக்கமே. 2017-இல் வெளியான எலி ஆய்வொன்றில், இத்தகைய நுண்பைகள் கட்டியின் வளர்ச்சியைத் தணித்தமையும் காணப்பட்டது.

எனவே, "தட்டணு நல்லதா, தீயதா?" என்ற வினாவிற்கு ஒற்றைச் சொல்லில் விடை கூற இயலாது. தட்டணுவைக் குறைத்தால் நோய் குறையும் என்றெண்ணி ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளைத் தாமாக உட்கொள்ளுதல் கூடாது. கீமோதெரபியால் தட்டணு குறைந்திருக்கும் வேளையில் அது கடும் இரத்தப்போக்கை விளைவிக்கக்கூடும்.

நுண்பைகளின் மேற்பரப்பு இரத்தம் உறைவதையும் ஊக்குவிக்கிறது. புற்றுநோயாளருக்கு நாளங்களில் இரத்தக்கட்டி தோன்றும் வாய்ப்பு மிகுதியாவதற்கு இதுவும் ஒரு காரணம். கடற்கரை ஊர்களிலிருந்து செங்கல்பட்டிற்கோ சென்னைக்கோ பேருந்தில் நெடுநேரம் அமர்ந்து சிகிச்சைக்கு வருவோர் கால்களை அவ்வப்போது அசைத்தல் நன்று.

ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ, திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ தோன்றின், அடுத்த மருத்துவ நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வருக. ஈறுகளில் இரத்தக் கசிவோ தோலில் சிறு செம்புள்ளிகளோ தென்பட்டாலும் அன்றே தெரிவியுங்கள். நுண்பைகளைக் கொண்டு நோயை முன்னறியும் வழிகள் இன்னும் ஆய்வில் உள்ளன. நோயாளரின் உடலில் நேரும் மாற்றத்தை முதலில் காணும் கண்கள் இல்லத்தாருடையவையே.