ஷாப்ட் நேராக நிற்கட்டும்! – மாடல் படகு முதல் பம்புசெட் வரை

– மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்



கப்பலோட்டிய தமிழன் வ.உ.சி. 1906-ல் தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தோம். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களின் பெயரும் நமக்கு மனப்பாடம். ஆனால் கப்பலுக்குள் எஞ்சின் சுற்றுகிற சுற்று, வெளியே தண்ணீருக்குள் இருக்கும் பிராப்பல்லர் வரை எப்படிப் போய்ச் சேருகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

நடுவில் ஒரு ஷாப்ட் இருக்கிறது. அந்த ஷாப்ட்டும் எஞ்சின் ஷாப்ட்டும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். இதைத்தான் அலைன்மென்ட் என்கிறோம். பரீட்சையில் 5 மார்க் கேள்வியாக வந்து போகிற விஷயம்தானே என்று நினைக்காதீர்கள். இது தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் உள்ள வித்தியாசம் பேரிங் வாங்குகிற காசில் தெரியும். கண்காட்சிக்கு மாடல் படகு செய்யும் நண்பர்களுக்கும், நாளைக்கு மில்லிலோ பம்ப் ஹவுஸிலோ வேலைக்குப் போகிறவர்களுக்கும் பாடம் ஒன்றுதான்.

கோணல் இரண்டு வகை

இரண்டு பென்சில்களை முனைக்கு முனை வைத்துப் பாருங்கள். இரண்டும் நேராக இருந்தும் ஒன்று கொஞ்சம் உயரமாக இருந்தால் அது இணை விலகல். முனைகள் தொட்டுக்கொண்டு ஒன்று மட்டும் சாய்ந்திருந்தால் அது கோண விலகல். நிஜத்தில் பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும். மேலே கீழே பார்த்தால் மட்டும் போதாது, இடது வலதும் பார்க்க வேண்டும்.

கோணல் இருந்தால் என்ன ஆகும்? ஷாப்ட் ஒவ்வொரு சுற்றிலும் பேரிங்கை ஒரு பக்கமாக இழுத்து நெருக்கும். புஷ் முட்டை வடிவத்தில் தேயும், சூடாகும், சத்தம் வரும். பேட்டரி சீக்கிரம் காலியாகும்.

மாடல் படகில் செய்யும் முறை

முதலில் ஷாப்ட் குழாயைப் பொருத்துங்கள். அதன் உள்முனை தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருந்தால் தண்ணீர் ஏறாது. குழாய் எவ்வளவு குறைவாகச் சாய்கிறதோ அவ்வளவு நல்லது. 10 டிகிரி சாய்ந்தால் தள்ளுவிசையில் 98.5 சதவீதம் முன்னோக்கிக் கிடைக்கும். 20 டிகிரி என்றால் 94 சதவீதம்தான், மீதி படகின் பின்பக்கத்தைத் தூக்குவதில் போய்விடும்.

இனி மோட்டார். கண்ணால் பார்த்து ஒட்டுகிற சோலியே வேண்டாம். நம் பட்டறையில் லேத் இருக்கிறதே! 10 மி.மீ. பித்தளைக் கம்பியில் 30 மி.மீ. நீளம் எடுங்கள். மோட்டார் ஷாப்ட் 3.2 மி.மீ., பிராப்பல்லர் ஷாப்ட் 4 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். முழு நீளத்துக்கும் 3.2 துளை போட்டு, பாதி ஆழம் வரை 4 ஆகப் பெரிதாக்குங்கள். இரண்டையும் ஒரே பிடியில் செய்ய வேண்டும். நடுவில் சக்கைக் கழற்றி மாட்டினால் இரண்டு துளைக்கும் மையம் மாறிப்போகும், அப்புறம் அந்தத் துண்டால் பிரயோஜனம் இல்லை.

இந்தத் துண்டின் ஒரு பக்கம் மோட்டார், மறுபக்கம் ஷாப்ட். இப்போது இரண்டும் வேறு வழியில்லாமல் நேராக நிற்கும். மோட்டாரை அதன் பிராக்கெட்டில் ஸ்க்ரூ போட்டு, பிராக்கெட்டின் காலை மட்டும் படகின் அடியில் அரால்டைட்டால் ஒட்டுங்கள். மோட்டாரையே ஒட்டிவிட்டால் பிறகு கழற்ற முடியாது. பசை இறுகும் வரை, ஒரு ராத்திரி முழுக்க, தொடாதீர்கள். காலையில் ஷாப்ட்டைப் பின்னால் இழுத்து, பித்தளைத் துண்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கப்ளிங்கை மாட்டுங்கள்.

இன்னொரு விஷயம். பிராப்பல்லர் படகைத் தள்ளும்போது ஷாப்ட் முன்னோக்கி நகரப் பார்க்கும். அந்த விசையை மோட்டாரின் சின்ன பேரிங் தாங்கக்கூடாது. குழாயின் பின்முனையில் பிராப்பல்லருக்கு முன்னால் ஒரு வாஷர் போட்டு, அது தாங்கும்படி வையுங்கள். ஒரு காகிதம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டால் போதும்.

சரியாக வந்ததா என்று காதை நம்பாமல் அம்மீட்டரைக் கேளுங்கள். மோட்டாரை மட்டும் 6 வோல்ட்டில் ஓட்டி ஒரு அளவு, பிராப்பல்லர் இல்லாமல் ஷாப்ட்டோடு ஓட்டி ஒரு அளவு. உதாரணத்துக்கு 0.6 ஆம்பியர் 1.0 ஆக ஏறினால், கூடுதல் 0.4 ஆம்பியர். 6 வோல்ட்டால் பெருக்கினால் 2.4 வாட். படகு ஒரு அடிகூட நகராமல், இறுக்கத்திலும் சூட்டிலும் போகிற சக்தி இது. பிராக்கெட் ஸ்க்ரூவைத் தளர்த்தி மோட்டாரை மெல்ல அசைத்து, அளவு எங்கே குறைகிறதோ அங்கே முடுக்குங்கள்.

கப்ளிங் கோணலுக்கு மருந்தா?

"அதான் யுனிவர்சல் ஜாயிண்ட் இருக்கே, கோணலா இருந்தா என்னல?" என்று நண்பர்கள் கேட்பார்கள். ஹூக்ஸ் ஜாயிண்ட் பாடத்தை ஞாபகப்படுத்திப் பாருங்கள். மோட்டார் நிமிடத்துக்கு 1000 சுற்று ஒரே சீராகச் சுற்றினாலும், ஜாயிண்ட் 10 டிகிரி மடங்கியிருந்தால் வெளிப்பக்க வேகம் 985-க்கும் 1015-க்கும் நடுவே ஏறி இறங்கும், அதுவும் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை. 30 டிகிரி என்றால் 866-க்கும் 1155-க்கும் நடுவே. அதிர்வு அங்கிருந்துதான் பிறக்கிறது. இரண்டு ஜாயிண்ட் போட்டு, இரண்டு கோணமும் சமமாக, நடுத்தண்டின் இரு கவைகளும் ஒரே தளத்தில் இருந்தால் இது அடிபட்டுப் போகும். லாரியின் பிராப்பல்லர் ஷாப்ட்டில் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே கப்ளிங் என்பது அலைன்மென்ட் முடித்த பிறகும் மிச்சமிருக்கிற சின்ன வித்தியாசத்துக்குத்தான். நம் சோம்பேறித்தனத்தை மூடுகிற துணி அல்ல.

வாழைத்தோட்டத்து மோட்டார்

எங்கள் குடும்பத்தில் டிப்ளமா வரை வந்த முதல் ஆள் நான். அப்பா தாமிரபரணிப் பாசனத்தில் ஒரு வாழைத்தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிற கூலிவேலை பார்க்கிறார். கால்வாயில் தண்ணீர் நின்றுபோகிற மாதங்களில் கிணற்று மோட்டார்தான் கதி. மோட்டாரும் பம்பும் தனித்தனி, நடுவில் பின் புஷ் கப்ளிங். ரப்பர் புஷ் அடிக்கடி பொடிப்பொடியாக உதிரும். ஒருமுறை மோட்டார் பேரிங்கும் போச்சு. பார்க்க வந்த மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் புதுசு மாட்டிவிட்டுப் போனார். தோட்டக்காரர், "நீ ஒழுங்கா பாத்து ஓட்டலைல்லா" என்று அப்பாவின் கூலியில் பிடித்துக்கொண்டார்.

பட்டறை வகுப்பில் அலைன்மென்ட் படித்த பிறகு, இரண்டாம் ஆண்டு லீவில் பீலர் கேஜும் ஸ்டீல் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு அங்கே போனேன். முதலில் பியூஸ் கேரியரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். நண்பர்களே, இதை ஒருநாளும் மறக்காதீர்கள். மோட்டாரின் நாலு போல்ட்டையும் தளர்த்திப் பார்த்தால், பின்பக்கத்து ஒரு கால் அடிச்சட்டத்தில் உட்காரவே இல்லை. போல்ட்டை முடுக்க முடுக்க மோட்டாரே முறுக்கிக்கொண்டிருக்கிறது! முதலில் அந்தக் காலுக்கு யு வடிவத்தில் தகடு வெட்டி வைத்தேன்.

பிறகு அளவு. கப்ளிங் முகங்களின் இடைவெளி மேலே அதிகம், கீழே 0.2 மி.மீ. குறைவு. அப்படியென்றால் மோட்டாரின் பின்பக்கம் தாழ்ந்திருக்கிறது. எவ்வளவு தூக்க வேண்டும் என்பது வெறும் வடிவொத்த முக்கோணக் கணக்குதான். கப்ளிங் விட்டம் 100 மி.மீ., முன் காலுக்கும் பின் காலுக்கும் தூரம் 300 மி.மீ. ஆகவே 0.2-ஐ 100-ஆல் வகுத்து 300-ஆல் பெருக்கினால் 0.6 மி.மீ. பின்கால் இரண்டுக்கும் அந்தத் தகடு. கோணம் சரியான பிறகுதான் உயரத்துக்கு நாலு காலுக்கும் சமமாகத் தகடு. இந்த வரிசையை மாற்றினால் வேலை முடியவே முடியாது.

டயல் கேஜ் கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டு ஷாப்ட்டையும் சேர்த்தே சுற்றி அளக்க வேண்டும். அரைச் சுற்றில் முள் 0.20 மி.மீ. நகர்ந்தால் மைய விலகல் அதில் பாதி, 0.10 மி.மீ.தான். நிறையப் பேர் இந்தப் பாதியை மறந்துவிட்டு இருமடங்கு தகடு வைத்துவிடுகிறார்கள்.

அன்றைக்கு மாட்டிய ரப்பர் புஷ் இன்று வரை உதிரவில்லை. பிடித்த கூலி திரும்பி வரவில்லை. ஆனால், "அண்ணாச்சி, இந்தா பாருங்க, கால் உட்காராம இருந்திருக்கு" என்று கேஜை நுழைத்துக் காட்டியபோது அவரால் பதில் பேச முடியவில்லை. அப்பா மேல தப்பு இல்லைங்கறதை அந்த மெல்லிய தகடு சொல்லிவிட்டது. படிப்பு எதுக்கு என்று என்னைக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்கிற பதில் இதுதான்.

கடலிலும் இதே பாடம்

மரப்படகு கரையில் இருக்கும்போது ஒரு வடிவம், தண்ணீரில் மிதக்கும்போது ஒரு வடிவம். அதனால்தான் கரையில் அலைன்மென்ட் செய்தாலும், படகை இறக்கி மிதக்கவிட்ட பிறகு மறுபடி சரிபார்க்கிறார்கள். பம்புசெட்டிலும் அப்படியே, பைப்பை மாட்டி முடுக்கின பிறகு இன்னொரு தடவை பார்க்க வேண்டும். பைப்பின் இழுப்பே பம்பை நகர்த்திவிடும்.

நம் கிழக்குக் கடற்கரையில் மணலில் ஏறி இறங்கும் படகுகளுக்கு வேறொரு சிக்கல். கரைக்கு வரும்போது பிராப்பல்லரைத் தூக்க வேண்டும், தூக்கினால் அலைன்மென்ட் கெடும். ஐ.நா. உணவு, வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979-ல் சென்னையில் தொடங்கியது. 1980-களில் அவர்கள் இதற்கு ஒரு வழி செய்தார்கள். எஞ்சினையும் ஷாப்ட் குழாயையும் ஒரே சட்டத்தில் பொருத்தி, அந்தச் சட்டத்தையே மொத்தமாகச் சாய்க்கும்படி அமைத்தார்கள். படகுக்குள் தண்ணீர் வராமல் ரப்பர் உறை மூடிக்கொள்ளும். சட்டம் எப்படிச் சாய்ந்தாலும் இரண்டு ஷாப்ட்டும் ஒன்றுக்கொன்று நேராகவே இருக்கும். மோட்டாரும் பம்பும் ஒரே ஷாப்ட்டில் வரும் மோனோபிளாக் பம்பிலும் யோசனை இதுதான்.

பெரிய நாட்டுக்கும் இதில் விலக்கு இல்லை. 2022 ஆகஸ்டில் பிரிட்டனின் சுமார் 65,000 டன் விமானந்தாங்கிக் கப்பல் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், துறைமுகத்தை விட்டுக் கிளம்பியதுமே நின்றுபோனது. வலது பக்க பிராப்பல்லர் ஷாப்ட்டின் கப்ளிங்கில் பழுது.

முடிவாக

நாலு விஷயத்தை மனசில் வையுங்கள். ஒன்று, அசையக்கூடாததை முதலில் நிறுத்து. படகில் ஷாப்ட் குழாய், தோட்டத்தில் பம்ப். இரண்டு, மோட்டாரை அதற்கு ஏற்றபடி நகர்த்து. மூன்று, கப்ளிங் கடைசியில்தான். நான்கு, எந்த நிலையில் வேலை செய்யுமோ அந்த நிலையில் மறுபடி அளந்து பார்.

நாளைக்கு நாம் வேலைக்குப் போகும் இடத்தில் ஒரு மெஷின் பழுதானால், முதலில் திட்டு வாங்குகிறவர் அதை ஓட்டுகிற தொழிலாளிதான். அவரைக் கேள்வி கேட்பதற்கு முன்னால் அந்த நாலு போல்ட்டையும் தளர்த்திப் பார்ப்போம்.