மருத்துவமனை மீது வழக்குப் போடும் முன்



சிகிச்சை பலிக்காமல் போவதும் மருத்துவர் அலட்சியமாக இருப்பதும் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறு. அறுவைச் சிகிச்சைக்குப் பின் தொற்று வரலாம். சரியான மருந்தே சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். எல்லாம் முறைப்படி நடந்தும் உயிர் போகலாம். இவற்றில் ஒன்று நேர்ந்தது என்பதை மட்டும் வைத்து எந்த நுகர்வோர் ஆணையமும் இழப்பீடு தருவதில்லை. மூன்று விஷயங்கள் நிரூபணமாக வேண்டும்: நோயாளியை அந்த மருத்துவர் தன் பொறுப்பில் ஏற்றார், அதே துறையில் சராசரித் திறமை உள்ள ஒருவர் காட்டியிருக்கக்கூடிய கவனத்தை அவர் காட்டவில்லை, பாதிப்பு அதனால்தான் வந்தது. சராசரித் திறமை என்ற, 1957-ல் இங்கிலாந்தின் போலம் வழக்கில் உருவான அளவுகோலை, ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-ல் இந்திய உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஒரு நோய்க்கு ஏற்கத்தக்க சிகிச்சை முறைகள் இரண்டு இருந்து, மருத்துவர் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தால், மற்றது மேலாக இருந்திருக்கும் என்ற வாதம் எடுபடாது.

மூன்றில் கடினமானது கடைசியாகச் சொன்னது. நோயைத் தாமதமாகக் கண்டுபிடித்தார்கள் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் முன்பே கண்டிருந்தாலும் இதே முடிவுதான் என்று மருத்துவமனைத் தரப்பு காட்டிவிட்டால் வழக்கு வலுவிழக்கும். மறு பரிசோதனைக்கு வராதது, மருந்தைப் பாதியில் நிறுத்தியது, எழுதிக் கொடுத்துவிட்டு டிஸ்சார்ஜ் வாங்கியது போன்ற நோயாளியின் செயல்களும் கணக்கில் வரும். பாதகமான செய்தியைத் தன் வக்கீலிடம் மறைக்கும் குடும்பம், அதை விசாரணையின்போது எதிர்த்தரப்பு வாயிலாகக் கேட்க நேரிடும்.

வயிற்றுக்குள் பஞ்சை வைத்துத் தைத்தது, வேறு காலில் அறுவை செய்தது, தவறான வகை ரத்தம் ஏற்றியது போன்ற தவறுகளுக்கு விளக்கம் வேண்டியதில்லை. எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் கூறியது இத்தகைய வெளிப்படையான தவறுகளைக் கருதித்தான். மற்றவற்றில் நிபுணர் கருத்து இல்லாமல் வழக்கு நிற்பது அரிது.

ஒப்புதல் படிவம் தனிக் கவனத்துக்கு உரியது. கையெழுத்துப் போட்டுவிட்டோம், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அந்தக் கையெழுத்து சிகிச்சைக்குத் தந்த சம்மதமே தவிர அலட்சியத்துக்குத் தந்த மன்னிப்பு அல்ல. பரிசோதனைக்காக மட்டும் சம்மதித்த ஒரு பெண்ணுக்கு, மயக்கத்தில் இருந்தபோதே கர்ப்பப்பை அகற்றப்பட்டது. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒன்றுக்குத் தந்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது என்று 2008-ல் தீர்ப்பளித்தது. உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டிய நிலை மட்டுமே இதற்கு விலக்கு.

வழக்கின் உயிர் ஆவணங்களில் இருக்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, உள்நோயாளியின் பதிவேடுகளை மருத்துவர் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் சார்பில் உரிமை உள்ளவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். வாய்மொழியாகக் கேட்பதில் பயனில்லை. எழுத்தில் கேட்டு, நகலில் முத்திரை வாங்க வேண்டும். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. முழு கேஸ் ஷீட், நர்சுகளின் குறிப்புகள், மயக்க மருந்துப் பதிவு, ஐ.சி.யூ. சார்ட், ஒப்புதல் படிவங்கள், லேப் ரிப்போர்ட்டுகள், ஸ்கேன் படங்கள், எல்லா பில்களும் ரசீதுகளும் தேவை. அசல்களை யாரிடமும் கொடுத்துவிடக் கூடாது. நடந்தவற்றை நாள், நேரம், பேசியவர் என்று வரிசைப்படுத்தி, நினைவு மங்குவதற்குள் குடும்பத்தினர் எழுதி வைத்துக்கொள்வது பின்னால் மிகவும் உதவும்.

மரணத்தில் சந்தேகம் இருந்தால் பிரேதப் பரிசோதனையை வற்புறுத்த வேண்டும். அதற்குக் காவல் நிலையத்தில் உடனே புகார் தர வேண்டும். துக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு இது கொடுமையான யோசனையாகத் தோன்றும். ஆனால் உடலை எரித்த பின் மரணத்தின் காரணத்தை நிறுவ மருத்துவமனைப் பதிவேடுகளைத் தவிர வேறு ஆதாரம் மிஞ்சாது.

ஆவணங்கள் கையில் வந்ததும் பார்க்க வேண்டியவர் வக்கீல் அல்ல, அதே துறையைச் சேர்ந்த, அந்த மருத்துவமனையோடு தொடர்பில்லாத இன்னொரு மருத்துவர். சக மருத்துவருக்கு எதிராக எழுத்தில் கருத்துத் தரப் பலர் தயங்குவார்கள். வாய்மொழியாகவாவது உண்மை தெரியவரும். தவறு இல்லை என்று இருவர் தனித்தனியே சொன்னால் அதை ஏற்றுக்கொள்வது பல ஆண்டு அலைச்சலை மிச்சப்படுத்தும்.

அடுத்தது, எங்கே போவது என்ற கேள்வி. இதற்கான விடை, குடும்பத்துக்கு என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது. இழப்பீடு வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையம். மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் அடங்கும் என்று சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-ல் முடிவு செய்தது. எல்லோருக்கும் எல்லாமே இலவசமாகச் செய்யும் மருத்துவமனை இதற்குள் வராது. ஆனால் சிலரிடம் கட்டணம் வாங்கும் இடத்தில் இலவசமாகச் சிகிச்சை பெற்றவருக்கும் உரிமை உண்டு; காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டியிருந்தாலும் உண்டு. எனவே அரசு மருத்துவமனை என்றதும் வழியில்லை என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. அங்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாவிட்டாலும் உரிமையியல் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் இருக்கின்றன.

மருத்துவர் மீது தொழில் நடவடிக்கை வேண்டுமென்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். அது எச்சரிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கலாம். பணம் வாங்கித் தராது. குற்ற வழக்கு கடைசி வழி. அதற்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியம் தெரிய வேண்டும்; அரசுப் பணியில் உள்ள மருத்துவர் போன்ற சார்பற்ற ஒருவரின் கருத்தைப் பெறாமல் போலீஸ் மேலே நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு கட்டுப்படுத்தியுள்ளது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில், மருத்துவச் சிகிச்சையின்போது அலட்சியத்தால் மரணம் விளைவித்த பதிவு பெற்ற மருத்துவருக்கு 2 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு.

நுகர்வோர் வழக்கைப் பாதிப்பு நேர்ந்ததிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம். அதை நம்பியிருப்பது ஆபத்து. வக்கீல் நோட்டீஸ் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருப்பதால் கெடு நீளாது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எந்த ஆணையம் என்பதைக் கேட்கும் இழப்பீடு தீர்மானிப்பதில்லை, செலுத்திய கட்டணமே தீர்மானிக்கிறது: 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். செலுத்திய கட்டணம் 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணமே இல்லை. வேறு ஊரில் சிகிச்சை பெற்றிருந்தாலும் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் இல்லாமல் தானே வாதாடவும் அனுமதி உண்டு. ஆனால் மருத்துவ வழக்கில் அனுபவமுள்ள வக்கீல் இருப்பது நல்லது. ஜெயித்தால் பங்கு என்ற பேச்சுக்கு இடம் தரக் கூடாது; இந்திய பார் கவுன்சில் விதிகள் அதைத் தடை செய்கின்றன. பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடியினரும் வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம்.

வழக்கு எவ்வளவு காலம் இழுக்கும் என்பதற்கு எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை வழக்கு சான்று. 1996-ல் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குச் செய்ய வேண்டிய விழித்திரைப் பரிசோதனை செய்யப்படாமல் பார்வை போயிற்று. தேசிய ஆணையம் 2009-ல் 5 லட்சம் ரூபாய் வழங்கியது. உச்ச நீதிமன்றம் 2015-ல் அதை ஏறத்தாழ 1.8 கோடியாக உயர்த்தியது. அப்போது அந்தக் குழந்தைக்கு வயது 18. தொகை உயரக் காரணம், ஏற்கெனவே ஆன செலவுக்கும் இனி வாழ்நாள் முழுதும் ஆகப்போகும் மருத்துவச் செலவுக்கும் விலைவாசி உயர்வைச் சேர்த்து நீதிமன்றம் கணக்கிட்டதே. இழப்பீடு கேட்பவர் செலவு, இழந்த வருமானம், எதிர்காலச் சிகிச்சை, அனுபவித்த வேதனை என்று தனித்தனியே தொகை காட்டி, ஒவ்வொன்றுக்கும் ரசீதோ சான்றோ சேர்க்க வேண்டும். காரணமின்றிக் கோடிகளில் கேட்பது மனுவின் நம்பகத்தைக் குறைக்கும்.

கோபத்தில் செய்யும் சில காரியங்கள் நியாயமான வழக்கையும் கெடுக்கும். மருத்துவமனையை அடித்து நொறுக்குவது தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டுத் தனிச் சட்டப்படி குற்றம். பாதிக்கப்பட்ட குடும்பமே அதனால் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரும். பெயர் சொல்லிச் சமூக வலைத்தளத்தில் எழுதுவது அவதூறு வழக்குக்கு வழிவிடும். சமரசம் பேச வந்தால் மறுக்க வேண்டியதில்லை. மரணமோ கொடுங்காயமோ விளையாத வழக்கை ஆணையமே சமரச மையத்துக்கு அனுப்பவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வாசகம் உள்ள தாளில், வக்கீல் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது.

ஆவணங்கள் கிடைத்து, வேறு மருத்துவர் தவறு உண்டென்று சொல்லி, கெடுவும் மீதமிருந்தால் வழக்குப் போடத் தயங்க வேண்டியதில்லை. ஆவணமோ மருத்துவர் கருத்தோ குறைந்தால், கெடு இருக்கும் வரை அதைச் சரிசெய்துகொண்டு மனுவைத் தாக்கல் செய்வதே நல்லது. கெடு தேதியை மட்டும் யாரும் மறக்கக் கூடாது.