நிலையத்துக்கு வெளியே இருக்கும் தூரம்

கிள்ளானில் வீடு, பிரிக்பீல்ட்ஸில் வேலை. இரண்டுக்கும் நடுவே பல ஆண்டுகளாகக் கொமுட்டர் ரயிலில்தான் போய் வருகிறேன். இந்தப் பயணத்தில் நான் தெரிந்துகொண்ட முதல் விஷயம், ஒருவர் பொதுப் போக்குவரத்தில் போவாரா மாட்டாரா என்பதை ரயில் முடிவு செய்வதில்லை என்பது. வீட்டு வாசலுக்கும் நிலையத்துக்கும் நடுவே உள்ள அரைக் கிலோமீட்டரும், இறங்கிய பிறகு போக வேண்டிய இடம் வரைக்கும் உள்ள இன்னொரு அரைக் கிலோமீட்டரும்தான் முடிவு செய்கின்றன. ரயிலுக்குள் குளிர்சாதனம் உண்டு, இருக்கை உண்டு, அடுத்த நிலையத்தின் பெயரைச் சொல்லும் குரலும் உண்டு. வெளியே வெயில், மழை, பெயர்ந்த நடைபாதை, அதன்மேல் ஏற்றி நிறுத்திய மோட்டார் சைக்கிள். எங்கள் குடும்பத்துப் பெண்கள் பலர் “ரயிலெல்லாம் வேண்டாம், காடியிலயே போயிடலாம்” என்று சொல்லும்போது அவர்கள் பயப்படுவது இந்த வெளித் தூரத்துக்குத்தான்.

இத்தனைக்கும் இந்தத் தடம் நம் ஆட்களுக்குப் புதியது அல்ல. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரை புக்கிட் கூடா வரை 1886இலேயே ரயில் ஓடியது. பிறகு ஆற்றுக்குப் பாலம் போட்டார்கள், ரயில் கிள்ளான் ஊருக்குள் வந்தது, அங்கிருந்து துறைமுகம் வரை நீண்டது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே பணிமனையும் ஊழியர் குடியிருப்புகளும் வந்தபோது இந்தியத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் அங்கே வேர்விட்டார்கள். தண்டவாளம் போட்டவர், சிக்னல் பார்த்தவர், நிலைய அதிபராக இருந்தவர் என்று எங்கள் தலைமுறையில் பல குடும்பங்களுக்கு ஒரு ரயில்வே தாத்தா இருக்கிறார். 1995இல் மின்சாரக் கொமுட்டர் வந்தது. பிரிக்பீல்ட்ஸின் பழைய ரயில்வே யார்டு இருந்த நிலத்தில் எழுந்த கேஎல் சென்ட்ரல் 2001இல் திறக்கப்பட்டது. தாத்தா தண்டவாளம் போட்ட ஊரில் பேத்தி ரயில் ஏறப் பயப்படுகிறாள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

கொமுட்டரில் போகிறவர்கள் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது நேரம். எல்ஆர்டியும் எம்ஆர்டியும் நிமிடக் கணக்கில் வரும், ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வந்துவிடும். கொமுட்டர் அப்படி இல்லை. வேலை நேரத்திலேயே ஏறக்குறைய அரை மணிக்கு ஒன்றுதான், பகலில் இடைவெளி இன்னும் கூடும். அதனால் “எட்டரைக்கு ஆபீஸ், ஏழரைக்குக் கிளம்பலாம்” என்று கணக்குப் போடக்கூடாது. கால அட்டவணையைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, எந்த ரயிலில் போனால் சரியாகப் போய்ச் சேர்வோமோ அதற்கு முந்தைய ரயிலைப் பிடிப்பது என்று வழக்கப்படுத்திக்கொள்ள வேண்டும். கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடரல் நெடுஞ்சாலையில் அதே ஒரு மணி நேரம் சில நாட்களில் இரண்டு மணி நேரமாக நீளும். ரயிலில் அந்த நேரத்தில் நாளிதழ் படிக்கலாம், கண்ணை மூடலாம், அம்மாவுக்கு போன் போடலாம்.

அட்டை பற்றி ஒரு வார்த்தை. மை50 என்ற மாதப் பாஸ் 50 வெள்ளிக்கு 30 நாள் செல்லும். மலேசியக் குடிமக்களுக்கு மட்டும். எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரெயில், ரேபிட் கேஎல் பேருந்து எல்லாவற்றிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். ஆனால் கொமுட்டருக்கு அது செல்லாது. கிள்ளான்வாசிகள் பலர் இது தெரியாமல் வாங்கிவிட்டு ஏமாற்றப்பட்டதுபோல் உணர்கிறார்கள். கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடந்தே வேலைக்குப் போகிறவருக்கு டச் அண்ட் கோ அட்டை போதும். சுபாங் ஜெயாவில் இறங்கி எல்ஆர்டிக்கு மாறுகிறவர், அல்லது நகருக்குள் மேலும் இரண்டு மூன்று முறை ஏறி இறங்குகிறவர், ஒரு நாளைக்கு ஆகும் எல்ஆர்டி செலவை வேலை நாட்களால் பெருக்கிப் பார்க்கட்டும். 50 வெள்ளியைத் தாண்டினால் பாஸ் லாபம். ரேபிட் பேருந்தில் சில்லறை வாங்குவதில்லை, அட்டையில் பணம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

பெண்களுக்கான பெட்டி 2010 முதல் கொமுட்டரில் இருக்கிறது. ரயிலின் நடுப்பகுதியில் வரும், நடைமேடையில் இளஞ்சிவப்பு அடையாளம் போட்டிருப்பார்கள். அங்கே போய் நின்றால் சரியாகக் கதவு முன்னால் வந்து நிற்கும். மாலை நெரிசலில் இந்தப் பெட்டி தருகிற நிம்மதியை ஆண்களுக்கு விளக்கிச் சொல்வது கடினம். படிக்கப் போகிற பெண்பிள்ளைகளிடம் நான் தவறாமல் சொல்வது, முதல் நாளே அந்த அடையாளம் எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள் என்பதுதான். வழி தெரியாமல் அதில் ஏறிவிடும் ஆண்களிடம் சத்தம் போட வேண்டியதில்லை. “அண்ணே, இது பெண்கள் பெட்டி, அடுத்ததுல ஏறிக்குங்க” என்றால் பெரும்பாலும் போய்விடுவார்கள். இங்கே வேலைக்கு வந்திருக்கும் வங்காளதேசத்துத் தம்பிகளுக்குக் கையால் காட்டினாலே புரிந்துவிடும்.

இனி அந்த வெளித் தூரத்துக்கு வருகிறேன். மோனோரெயில் 2003இல் ஓடத் தொடங்கியபோது அதன் கடைசி நிலையத்துக்குக் கேஎல் சென்ட்ரலின் பெயரையே வைத்தார்கள். வரைபடத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்து, வெயிலில் நடந்து போக வேண்டியிருந்தது. 2014இல் நூ சென்ட்ரல் பேரங்காடி திறந்த பிறகுதான் கூரைக்கு அடியிலேயே நடந்து போகும் வழி கிடைத்தது. பல்லாயிரம் பேர் தினமும் மாறுகிற இடத்தில் சில நூறு மீட்டர் நடைவழிக்குப் பத்து ஆண்டுக்கு மேல் ஆனது. கோடிக்கணக்கில் செலவழித்து ரயில் விடுகிறவர்களுக்கு அந்தச் சில நூறு மீட்டர் கண்ணில் படாமல் போனது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

இந்த ஊரின் வரைபடம் காட்டாத நடைவழிகள் நிறைய. கிள்ளானிலிருந்து மிட்வேலிக்குப் போகிறவர்கள் கேஎல் சென்ட்ரல் வரை போய், சிரம்பான் தட ரயிலுக்குக் காத்திருந்து, திரும்பி வருகிறார்கள். தேவையே இல்லை. அப்துல்லா ஹுக்கும் நிலையத்தில் இறங்கினால் பாதசாரிப் பாலம் வழியாக நடந்தே போய்விடலாம். பாசார் செனிக்குப் போக வேண்டுமானால் 1910இல் கட்டிய பழைய கோலாலம்பூர் ரயில் நிலையத்தில் இறங்கினால் ஆற்றின் மேல் நடைபாலம் இருக்கிறது. எம்ஆர்டி பிடிக்க வேண்டியவர்கள் கேஎல் சென்ட்ரலிலிருந்து மியூசியம் நெகாரா நிலையத்துக்கு உள்வழியாகவே போகலாம், பெயர் வேறாக இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பத்துமலைக்குப் போகும் கிள்ளான்காரர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: வழக்கமான நாட்களில் நம் ரயில் தஞ்சோங் மாலிம் பக்கம் போகிறது, பத்துமலை ரயில் வேறு. வழியில் மாறியாக வேண்டும். நடைமேடைப் பலகையில் கடைசி நிலையத்தின் பெயரைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

பிரிக்பீல்ட்ஸில் நடக்கும்போது நான் அதிகம் கற்றுக்கொண்டது பார்வையற்றவர்களிடமிருந்து. 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இருக்கிறது. அதனால் பயிற்சிக்கு வருகிறவர்கள், உடம்புபிடி நிலையங்களில் வேலை செய்கிறவர்கள், இங்கேயே குடியிருப்பவர்கள் என்று வெள்ளைக்கோலைத் தட்டிக்கொண்டு போகிறவர்களைக் காலையிலும் மாலையிலும் பார்க்கலாம். நடைபாதையில் பதித்திருக்கும் மஞ்சள் ஓடுகள் அவர்களுக்கானவை. நீள வரியாக இருந்தால் நேரே போகலாம், புள்ளிபுள்ளியாக இருந்தால் நில், முன்னால் சாலையோ படியோ திருப்பமோ இருக்கிறது என்று பொருள். அவர்கள் காலால் படிக்கும் எழுத்து அது. அந்த ஓட்டின்மேல் ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்தினாலும், கடைக்காரர் பூ வாளியை வைத்தாலும், நாம் நின்று அரட்டை அடித்தாலும் ஒருவருடைய பாதையை அடைத்துவிடுகிறோம்.

ஒருநாள் துன் சம்பந்தன் சாலையைக் கடக்க நின்ற பெரியவர் ஒருவரின் கையை ஒரு கல்லூரிப் பெண் பிடித்து இழுத்துக்கொண்டு போகப் பார்த்தாள். நல்ல மனசுதான். அவர் நின்றுவிட்டார். “விடும்மா. நான் உன் முழங்கையைப் பிடிச்சுக்கிறேன். நீ முன்னால நட, நான் ஒரு அடி பின்னால வர்றேன். படி வந்தா மட்டும் சொல்லு” என்றார். அவள் சரி தாத்தா என்று முழங்கையைக் கொடுத்தாள். இருவரும் இயல்பாகக் கடந்து போனார்கள். அன்றிலிருந்து நானும் அப்படியே செய்கிறேன். முதலில் வாயால் கேட்பது: “உதவி வேணுமா அண்ணே?” வேண்டாம் என்றால் விட்டுவிடுவது. வேண்டும் என்றால் முழங்கையைக் கொடுப்பது. கோலைத் தொடக்கூடாது. பிரியும்போது சொல்லாமல் நழுவக்கூடாது, “நான் இந்தப் பக்கம் போறேன், உங்களுக்கு முன்னால படி இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். இதைப் பள்ளிக்கூடங்களிலேயே சொல்லிக்கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றும்.

பார்வையற்றவர் தனியாகப் போய்வர முடிகிற சாலையில் கர்ப்பிணியும் முட்டிவலிக்காரரும் குழந்தை வண்டி தள்ளுகிறவரும் போய்வர முடியும். ஒரு ஊரின் நடைபாதை சரியாக இருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

நம் முன்னோர் நடப்பவர்களை நினைக்காமல் இருந்ததில்லை. கிள்ளானின் கோத்தா பாலத்தைப் பாருங்கள். இரண்டு அடுக்கு. மேல் அடுக்கு வாகனங்களுக்கு, கீழ் அடுக்கு நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்று கட்டியது. ஆற்றுக் காற்றும் நிழலும் நடப்பவருக்குத்தான். பழைய கடைவீடுகளின் அஞ்சடியும் அப்படியே: மழையோ வெயிலோ, ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குத் தலை நனையாமல் போகலாம். தெங்கு கிளானா சாலையில் தீபாவளி நேரத்தில் அந்த அஞ்சடி முழுக்கத் துணியும் பலகாரமும் மேசை போட்டு விற்பார்கள். வியாபாரம் வேண்டும், நானும் அங்கேதான் வாங்குகிறேன். ஒரு ஆள் நடக்கிற அகலத்தை மட்டும் விட்டுவிட்டு மேசை போட்டால் வயதானவர்கள் சாலையில் இறங்கி நடக்க வேண்டியிருக்காது.

மழை வேறு இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை நேரத்தில் இடியோடு கொட்டும். பையில் மடக்குக் குடை எப்போதும் இருக்கட்டும். வேலை முடிந்ததும் மழை பிடித்தால் ஓடாதீர்கள். பிரிக்பீல்ட்ஸில் ஒட்டுக்கடைக்குப் பஞ்சமில்லை, ஒரு தேநீர் குடித்துவிட்டு அடுத்த ரயிலில் போகலாம். வழுக்கும் ஓட்டில் விழுந்து இடுப்பு ஒடிந்தவர்களை நான் அறிவேன்.

வீட்டில் அறுபது வயதைத் தாண்டிய பெரியவர்கள் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அவர்கள் வெளியே போகாமல் முடங்கிக் கிடப்பதற்கு வயது மட்டும் காரணம் அல்ல. வழி பழகவில்லை, அவ்வளவுதான். மூத்தோருக்கு ரயிலிலும் பேருந்திலும் சலுகைக் கட்டணம் உண்டு, அதற்கான அட்டையை நீங்கள் கூடப் போய் எடுத்துக்கொடுங்கள். ஒரு சனிக்கிழமை காலை, கூட்டம் இல்லாத நேரத்தில், அவர்களோடு சேர்ந்து ரயிலில் ஏறுங்கள். மின்தூக்கி எங்கே, கழிப்பறை எங்கே, எந்த வாசலில் வெளியேறினால் சாலையைக் கடக்க வேண்டியதில்லை என்று அவர்கள் கையாலேயே காட்டச் சொல்லுங்கள். திரும்பும்போது அவர்கள் முன்னால் நடக்கட்டும், நீங்கள் பின்னால் வாருங்கள். நிலையத்திலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.