அதிகாரப் பத்திரம்: ஆற்றலும் வரம்பும்

தம் சொத்து அலுவல்களை நேரில் கவனிக்க இயலாதவர், நம்பிக்கைக்குரிய ஒருவரை முகவராக நியமித்து எழுதித் தருவது பொது அதிகாரப் பத்திரம். அதில் கூறப்பட்ட அளவுக்கு அவர் வாடகை வசூலிக்கலாம். வங்கிக் கணக்கை இயக்கலாம். வெளிப்படையான அனுமதி இருப்பின் சொத்தை விற்கவும் செய்யலாம்.

ஆயின், முகவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. அதிகாரப் பத்திரத்தால் மட்டும் நிலம் கைமாறாது. பதிவு செய்த கிரயப் பத்திரமே உரிமையை மாற்றும் என 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

பலரும் அறியாத வரம்பு மற்றொன்று. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் இறந்தாலோ சித்த சுவாதீனம் இழந்தாலோ முகவரின் அதிகாரம் முடிவுறும். பொருளில் முகவருக்கே நலன் இருப்பின், 202-ஆம் பிரிவு விலக்களிக்கிறது. இங்கிலாந்தின் 2005-ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம், திறன் இழந்த பின்னும் நீடிக்கும் பத்திரத்துக்கு வகை செய்துள்ளது. இந்தியாவில் அத்தகைய பொது ஏற்பாடு இல்லை.

எனவே, மறதி நோயால் தந்தை செயலிழக்கையில், மகனிடமுள்ள பத்திரம் தேவையான வேளையில் கைகொடுப்பதில்லை. காப்பாளர் நியமனத்துக்குக் குடும்பம் நீதிமன்றத்தை நாட நேர்கிறது. தெளிவுள்ளபோதே கூட்டு வங்கிக் கணக்கு போன்ற ஏற்பாடுகளைச் செய்துகொள்வது இவ்வின்னலைக் குறைக்கும்.