கார்டு பக்கம் விதி உண்டு, எஸ்.எம்.பி.எஸ். பக்கம் இல்லை

கம்ப்யூட்டரின் மாடுலர் எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு (கேபிளைக் கழற்றி மாட்டக்கூடிய பவர் சப்ளை) வரும் கிராஃபிக்ஸ் கார்டு கேபிள் பெரும்பாலும் இரண்டடி நீளம். பெரிய டவர் கேபினெட்டுக்கு அது சரி. சின்ன கேபினெட்டில் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் கார்டும் ஒரு சாண் இடைவெளியில் இருக்கும். மிச்சக் கேபிளைச் சுருட்டித் திணித்தால் ஃபேனுக்குக் காற்று வரும் வழி அடைபடும். அளவாகக் கேபிள் செய்துகொள்ள ஆசைப்படுகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் காரணத்துக்காக வருகிறவர்கள். மீதிப் பேருக்குக் கண்ணாடிக் கதவு வழியே வெள்ளை ஸ்லீவ் தெரிய வேண்டும். இரண்டு தரப்புமே தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். அதற்கு முன் கடைச் சாமான்.

ஆர்டிஎக்ஸ் 3060-ஐ எடுத்துக்கொள்வோம். 170 வாட் கார்டு. மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் வரை தரும், 8 பின் கனெக்டர் 150 வாட் வரை தரும். 150 வாட் என்றால் 12 வோல்ட்டில் 12.5 ஆம்பியர். மூன்று வயர்கள் அதைப் பங்கிட்டுக்கொள்வதால் ஒரு வயருக்கு நாலு ஆம்பியர் சொச்சம். 18 கேஜ் செம்பு வயர் இதைத் தாராளமாகத் தாங்கும். ‘தடிமனாக இருந்தால் நல்லதுதானே’ என்று 16 கேஜ் வாங்கி வந்து, டெர்மினலுக்குள் நுழையவில்லை என்று நாலைந்து இழைகளை நறுக்கித் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு 18 கேஜே வாங்கியிருக்கலாம்.

வயர் செம்புதானா என்று பார்ப்பது முக்கியம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் ஓர் இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். தகரம் பூசிய செம்பு என்றால் உள்ளே சிவப்பு தெரியும். செம்பு பூசிய அலுமினியம் என்றால் வெள்ளை தெரியும். வெள்ளை தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

மற்றவை: மோலக்ஸ் மினிஃபிட் ஜூனியர் வகைப் பெண் டெர்மினல்கள் (தேவைக்கு இரண்டு மடங்கு வாங்கவும், வீணாகும்), 8 பின் பிசிஐஇ ஹவுசிங், கிரிம்பிங் கருவி, பீப் ஒலிக்கும் மல்டிமீட்டர். ஹவுசிங் வாங்கும்போது பிராசஸருக்கான 8 பின்னைக் கையில் திணித்துவிடுவார்கள். அளவில் இரண்டும் ஒன்றே, ஆனால் ஓட்டைகளின் சதுர, வளைவு வடிவ வரிசை வேறு. உள்ளே கரண்டு வரும் இடமும் நேர் எதிர். பிராசஸர் கனெக்டரில் 12 வோல்ட் நாலும் கிளிப் உள்ள பக்கம். கார்டு கனெக்டரில் 12 வோல்ட் மூன்றும் கிளிப் இல்லாத பக்கம்.

இனி, தடுக்கி விழும் இடம்.

கார்டு பக்கம் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே விதி. கிளிப் இல்லாத வரிசையில் மூன்று 12 வோல்ட், அதே வரிசையின் ஓரத்தில் ஒரு சென்ஸ் பின். கிளிப் பக்க வரிசையில் மூன்று கிரவுண்டும் இன்னொரு சென்ஸும். 6+2 எனப் பிரியும் கனெக்டரில் அந்தக் குட்டித் துண்டில் இருப்பவை ஒரு சென்ஸ், ஒரு கிரவுண்டு. இரண்டு சென்ஸ்களும் கிரவுண்டோடு சேர்ந்திருந்தால்தான் ‘8 பின் மாட்டியாயிற்று, 150 வாட் எடுக்கலாம்’ என்று கார்டு புரிந்துகொள்ளும். சென்ஸை விட்டுவிட்டு, கார்டு கெட்டுவிட்டது என்று சர்வீஸுக்குக் கொண்டுபோனவர்கள் உண்டு.

எஸ்.எம்.பி.எஸ். பக்கம் எந்த விதியும் கிடையாது. எந்த ஓட்டையில் 12 வோல்ட், எந்த ஓட்டையில் கிரவுண்டு என்பது கம்பெனியின் விருப்பம். ஒரே கம்பெனியின் இரண்டு சீரிஸ்களுக்குள்ளேயே மாறும். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கேபிளை அப்படியே விட்டவர்களின் ஹார்டு டிஸ்க் புகைந்ததற்குக் காரணம் இதுதான்: 5 வோல்ட் போக வேண்டிய வயரில் 12 வோல்ட் போனது. கார்டிலும் இதே ஆபத்து. 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறினால், அதிர்ஷ்டம் இருந்தால் எஸ்.எம்.பி.எஸ். தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் புதுக் கார்டுதான் வாங்க வேண்டும்.

ஆகவே இணையத்தில் கிடைக்கும் பின் வரைபடத்தை நம்பாதீர்கள். வயரின் நிறத்தையும் நம்பாதீர்கள், இப்போது வரும் கேபிள்களில் எல்லா வயரும் கறுப்பு. கம்பெனி கொடுத்த ஒரிஜினல் கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு அளந்து எழுதுவது ஒன்றே வழி.

கேபிளின் இரு முனைகளையும் கழற்றிவிட வேண்டும். ஒரு முனை எஸ்.எம்.பி.எஸ்.ஸிலோ கார்டிலோ மாட்டியிருந்தால் எல்லா கிரவுண்டும் சேர்ந்து பீப் அடித்துக் குழப்பும். ஒரு தாளில் இரண்டு 8 கட்டப் பெட்டிகள் வரையுங்கள்: ஒன்று கார்டு முனை, ஒன்று எஸ்.எம்.பி.எஸ். முனை. இரண்டையுமே கிளிப் மேலே இருக்க, வயர் நுழையும் பின்பக்கத்திலிருந்து பார்த்தபடி வரைய வேண்டும். ஒன்றை முகப்பிலிருந்தும் மற்றதைப் பின்பக்கத்திலிருந்தும் பார்த்து வரைந்தால் இடம் வலமாகிவிடும். கெட்ட கேபிள்களில் பெரும்பாலானவை மல்டிமீட்டரைத் தப்பாகப் பிடித்ததால் கெட்டவை அல்ல, இப்படிப் படம் புரண்டதால் கெட்டவை.

பிறகு மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்து, கார்டு முனையின் ஒவ்வொரு பின்னுக்கும் மறுமுனையின் எட்டையும் தொட்டுப் பார்க்க வேண்டும். எட்டு எட்டாக 64 தொடல். பொறுமை வேண்டும், முதல் பீப் கேட்டதும் அடுத்த பின்னுக்குத் தாவக் கூடாது. ஒரே ஓட்டையில் இரண்டு வயர் நுழைந்திருக்கும், சென்ஸ் வயர் வழியிலேயே கிரவுண்டோடு கூடியிருக்கும். எட்டையும் தொட்டால்தான் அது வெளிப்படும். சில பழைய கேபிள்களில் ஸ்லீவுக்குள் கெபாசிட்டர்கூட ஒளிந்திருக்கும். அப்படி ஒன்று தட்டுப்பட்டால் அந்தக் கேபிளைத் தொடாமல் விடுவதே மேல்.

முதல்முறை செய்கிறவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. அதே மாடலுக்கான ஒரிஜினல் கேபிள் ஒன்றைக் கூடுதலாக வாங்கி, எஸ்.எம்.பி.எஸ். முனையை அப்படியே விட்டுவிட்டு, கார்டு முனையை மட்டும் வெட்டிச் சுருக்கிப் புது டெர்மினல் போடலாம். பாதி வேலை ஃபேக்டரியிலேயே முடிந்துவிட்டது. அளந்து எழுதும் வேலை மட்டும் இதற்கும் குறையாது.

நீளத்தை அளக்க டேப் வேண்டாம். ஒரு கயிற்றைக் கேபிள் போகும் வழியிலேயே வளைத்து அளந்து, இரண்டு சென்டிமீட்டர் சேர்த்து வெட்டினால் போதும். வளைவின் வெளிப்பக்க வயர்கள் சற்று நீளமாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் வெட்டினால் உள்பக்க வயர்கள் புடைத்து நிற்கும்.

கிரிம்பிங் பழக்கத்தில் வருவது. சுமார் 3 மில்லிமீட்டர் தோலுரித்து, இழை ஒன்றுகூட அறுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டெர்மினலின் முன் இறக்கைகள் செம்பைப் பிடிக்கும், பின் இறக்கைகள் வயரின் தோலைப் பிடிக்கும். முன் இறக்கை தோலின் மேல் ஏறினால் தொடர்பு அரைகுறை, சூடு அங்கேதான் ஏறும். மூக்குக் குறடு வைத்து நசுக்குவது கிரிம்பிங் ஆகாது. ஜப்பானின் எஞ்சினியர் பிஏ-09 போன்ற கருவியில் இரண்டு இறக்கைகளையும் தனித்தனியாக அழுத்த வேண்டும், ஐவிஸ் எஸ்என்-28பி வகையில் ஒரே அழுத்தலில் முடிந்துவிடும். கிரிம்ப் செய்யுமுன் வயர் நுனியில் ஈயம் வைக்கக் கூடாது. ஈயம் அழுத்தத்தில் மெல்ல இளகி நகரும், நாளடைவில் பிடி தளரும். முடித்ததும் ஒவ்வொரு வயரையும் நன்றாக இழுத்துப் பாருங்கள். கழன்று வருவது கையிலேயே வரட்டும்.

ஸ்லீவ் போடுவது அவரவர் ரசனை. ஆனால் டெர்மினலை ஹவுசிங்கில் ‘க்ளிக்’ கேட்கத் தள்ளுமுன் தாளைப் பார்க்க வேண்டும். தப்பான ஓட்டையில் போய்விட்டால் இரண்டு ஸ்டேப்ளர் பின்களை இருபுறமும் நுழைத்துக் கொக்கியை அமுக்கினால் வெளியே வரும்.

இறுதிச் சோதனையில் கார்டு கிட்டே வரக் கூடாது. தாளோடு ஒப்பிட்டு மறுபடி பீப் பார்த்த பிறகு, எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாக வைத்துக் கேபிளை மாட்ட வேண்டும். 24 பின் கனெக்டரில் 16-ஆம் பின்னையும் (பழைய கேபிள்களில் பச்சை வயர்) பக்கத்திலுள்ள கிரவுண்டையும் ஒரு கம்பியால் இணைத்தால் எஸ்.எம்.பி.எஸ். ஓடும். கார்டு முனையில் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் வோல்ட் காட்ட வேண்டும். மைனஸ் குறி வந்தால் முதலில் மீட்டரின் கம்பிகள் மாறியிருக்கின்றனவா பாருங்கள், அது சரியென்றால் கேபிள் தப்பு. பிறகு கார்டை மாட்டி அரைமணி நேரம் விளையாட்டு ஓட்டிக் கனெக்டரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பு சரி, சுட்டால் உடனே அணைத்துவிட வேண்டும்.

புதிய 16 பின் கனெக்டரை வீட்டில் செய்யலாமா? வேண்டாம். 600 வாட் என்றால் ஆறு பின்களில் 50 ஆம்பியர், அதாவது ஒவ்வொரு பின்னுக்கும் 8 பின் கனெக்டரில் ஒரு வயர் சுமப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதுவும் இன்னும் சிறிய டெர்மினலில். 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த சில வாரங்களில் அந்தக் கனெக்டர்கள் உருகிய படங்கள் வரத் தொடங்கின. கேபிள் செய்வதையே தொழிலாகக் கொண்ட கேபிள்மாட் நிறுவனம், அதற்காக விற்ற வளைவு அடாப்டர்கள் சுமார் 25,300-ஐ 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் திரும்பப் பெற நேர்ந்தது.

செய்து முடித்த கேபிளில் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மாடல் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றினால் இந்தக் கேபிளும் அதோடு போக வேண்டும்.