புகை சூழும் நாளில் ஒரு குடும்பம்: பெருங்குடித் தீ தரும் பாடம்

 

காட்டுத்தீ என்றதும் நமக்கு மலைகள்தான் நினைவுக்கு வருகின்றன. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காய்ந்த புல்வெளியில் பரவிய தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கிக்கொண்டார்கள். 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சென்னையிலிருந்து போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆனால் தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், பள்ளிக்கரணை, வேளச்சேரிப் பக்கம் குடியிருக்கும் நமக்குத் தீ மலையிலிருந்து வர வேண்டியதில்லை. நம் பக்கத்திலேயே அது இருக்கிறது.

2022 ஏப்ரல் 27 அன்று பெருங்குடி குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தது. அது ரமலானின் கடைசிப் பத்து நாட்கள். பள்ளிவாசல்களில் இரவுத் தொழுகைக்குக் கூட்டம் அதிகமாக இருக்கும் நேரம். தீயணைப்பு வண்டிகள் பல நிலையங்களிலிருந்து வந்தும் நாட்கணக்கில் புகை அடங்கவில்லை. பெருங்குடி, துரைப்பாக்கம், பள்ளிக்கரணை, வேளச்சேரி என்று சுற்றியுள்ள பகுதி மக்கள் சன்னலைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். மறு ஆண்டு 2023 மார்ச் 2 அன்று கொச்சி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் பிடித்த தீ ஏறத்தாழ 12 நாட்கள் புகைந்தது. அங்கே பள்ளிக்கூடங்களை மூடினார்கள். வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்று மக்களுக்கு அறிவித்தார்கள்.

அப்படி ஒரு நாள் நம் தெருவுக்கு வந்தால் நம் குடும்பம் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்த மாதப் பாடம்.

1. இந்தத் தீ ஏன் அணைவதில்லை?

பெருங்குடி கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இருக்கிறது. 200 ஏக்கருக்கு மேல் பரப்பு. பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த குப்பை. மிச்சமான சோறு, காய்கறிக் கழிவு, எலும்பு எல்லாம் காற்றுப்படாமல் புதைந்து அழுகும்போது மீத்தேன் என்ற எரிவாயு உண்டாகிறது. அதோடு பிளாஸ்டிக், துணி, ரப்பர் எல்லாம் கலந்து கிடக்கின்றன. மேலே தண்ணீர் அடித்தால் மேல்தீ அணையும். அடியில் கனன்றுகொண்டே இருக்கும். இயந்திரத்தால் கிளறி, நனைத்து, மண் போட்டு மூடினால்தான் அடங்கும். அதனால்தான் "தீ கட்டுக்குள் வந்துவிட்டது" என்று கேள்விப்பட்ட பிறகும் புகை தொடர்கிறது. ஒரு நாளில் முடிந்துவிடும் என்று எண்ணாமல் ஒரு வாரத்துக்குத் திட்டமிட வேண்டும்.

2. புகையில் என்ன இருக்கிறது?

கண்ணுக்குத் தெரியும் கரியை விடக் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்தான் ஆபத்து. 2.5 மைக்ரானுக்கும் குறைவான துகள் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கும் தொண்டையும் அதைத் தடுக்காது. நுரையீரலின் அடிவரை போய் இரத்தத்திலும் கலக்கும். ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்களுக்கு அன்றைக்கே தொந்தரவு கொடுக்கும். பிளாஸ்டிக் எரியும் புகையில் இதற்கு மேல் நச்சு வாயுக்களும் உண்டு. ஆகவே "விறகு அடுப்புப் புகையில் வளர்ந்தவர்கள்தானே நாம்" என்று பெரியவர்கள் சொன்னால், மரியாதையோடு விளக்கிச் சொல்லுங்கள்: இது அந்தப் புகை அல்ல.

3. காற்றைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கோடைக்காலத்தில் நம் பகுதியில் காலையில் பெரும்பாலும் தரைக்காற்று மேற்கிலிருந்து வீசும். நண்பகலுக்குப் பக்கத்தில் கடற்காற்று திரும்பும். அதாவது காலையில் பெருங்குடிப் புகை ராஜீவ் காந்தி சாலைப் பக்கம் போனால், மதியத்துக்கு மேல் பள்ளிக்கரணை, மடிப்பாக்கம், வேளச்சேரிப் பக்கம் திரும்பலாம். இரவில் காற்று ஓய்ந்துவிட்டால் புகை மேலே எழாமல் தாழ்ந்து படியும். துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலையிலும் வேளச்சேரி–தாம்பரம் சாலையிலும் இரவில் இரு சக்கர வண்டியில் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

கொடியோ, மொட்டை மாடியில் காயும் துணியோ எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தால் போதும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் வேளச்சேரி, ஆலந்தூர் நிலையங்களின் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்க்கலாம். 100 வரை கவலையில்லை. 200ஐத் தாண்டினால் 'மோசம்'. 300ஐத் தாண்டினால் 'மிக மோசம்'. ஆனால் நிலையம் இருக்கும் இடத்தின் காற்றைத்தான் அது சொல்லும். உங்கள் தெருவில் கண் எரிகிறது, தொண்டை கரகரக்கிறது என்றால் எண்ணை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

4. வீட்டுக்குள் செய்ய வேண்டியவை

• புகை வரும் பக்கத்துச் சன்னல், கதவுகளை மூடுங்கள். கதவின் அடி இடுக்கில் ஈரத் துணியைச் சுருட்டி வையுங்கள்.

• சமையலறை எக்ஸாஸ்ட் விசிறியை ஓட்டாதீர்கள். அது உள்காற்றை வெளியே தள்ளும்போது, இடுக்குகள் வழியாக வெளிப்புகை உள்ளே வரும். ஏர் கூலரும் வெளிக்காற்றை இழுப்பதே; வேண்டாம். ஸ்பிளிட் ஏசி உள்காற்றையே சுழற்றுவதால் பயன்படுத்தலாம்.

• வீட்டுக்குள் புதிதாகப் புகை உண்டாக்காதீர்கள். சாம்பிராணி, ஊதுபத்தி, பக்கூர், கொசுவத்திச் சுருள் எல்லாவற்றுக்கும் அந்த நாட்களில் விடுமுறை. நோன்பு காலமாக இருந்தால் சமோசா, வடை பொரிப்பதையும் தள்ளிவைத்து, கஞ்சி, பேரீச்சை, பழத்தோடு நோன்பு திறங்கள்.

• துடைப்பத்தால் பெருக்கினால் படிந்த தூசி மறுபடி எழும். ஈரத் துணியால் துடையுங்கள்.

• எல்லா அறைகளையும் காக்க முடியாது. ஓர் அறையைத் தேர்ந்தெடுத்து அதை நன்றாக மூடி, குழந்தைகளையும் முதியவர்களையும் அங்கே வையுங்கள்.

ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். சித்திரை வெயிலில், ஏசி இல்லாத ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில், சன்னலை மூடிவிட்டு நாள் முழுதும் உட்கார முடியாது. வெப்பமும் ஆளைக் கொல்லும். அப்படிப்பட்ட வீடுகளில் காற்று திரும்பிப் புகை விலகும் நேரத்தில் சன்னலைத் திறந்துவிட்டு, மறுபடி மூடுங்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள். அதுவும் முடியவில்லை என்றால், வேறு வீட்டுக்குப் போவதே சரி.

5. முகக்கவசம் பற்றிய உண்மை

கைக்குட்டை, துப்பட்டா, நிகாப், சாதாரணத் துணிக் கவசம் எதுவும் நுண்துகளைத் தடுக்காது. ஈரமாக்கிக் கட்டினாலும் அதே கதைதான். என்95 கவசம் தடுக்கும். ஆனால் முகத்தோடு இறுக்கமாகப் பொருந்த வேண்டும். நிகாப் அணியும் சகோதரிகள் என்95ஐ உள்ளே அணிந்து அதன் மேல் நிகாப் போடலாம். தாடி வைத்திருக்கும் சகோதரர்களுக்குக் கவசத்தின் ஓரத்தில் இடைவெளி விழும், பாதுகாப்பு குறையும். கவசம் இருக்கிறதே என்ற தைரியத்தில் வெளியே சுற்றாமல், வெளியே போகும் நேரத்தைக் குறைப்பதே அவர்களுக்கு நல்லது.

6. யார் முதலில் இடம் மாற வேண்டும்?

கைக்குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமா அல்லது இருதய நோய் உள்ளவர், வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர், வயது முதிர்ந்தவர். இவர்களை முதல் நாளே காற்றுக்கு எதிர்ப்பக்கம் உள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்று மூன்றாம் நாள்வரை காத்திருந்தால், அதற்குள் மூச்சுக்குழாய் வீங்கியிருக்கும்.

நன்னிமா வீட்டை விட்டு வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கலாம். "ரெண்டு நாள் பேரப்பிள்ளைகளோட இருந்துட்டு வாங்க" என்று அழைத்துப் பாருங்கள். மாத்திரை, இன்ஹேலர், மருத்துவச் சீட்டு, ஆதார், குடும்ப அட்டை நகல் ஆகியவற்றை ஒரு பையில் வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட முடிச்சூர், வரதராஜபுரம் குடும்பங்களுக்கு இந்தப் பையின் அருமை தெரியும்.

பேச முடியாமல் மூச்சு வாங்குவது, உதடு நீலம் பூப்பது, மூச்சு இழுக்கும்போது குழந்தையின் விலா உள்வாங்குவது, நெஞ்சு வலி, மயக்கம் ஆகிய எது தெரிந்தாலும் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104. தீயணைப்புக்கு 101 அல்லது 112. 1928இல் காசநோய்ச் சானடோரியமாகத் தொடங்கிய தாம்பரம் சானடோரியம் அரசு நெஞ்சக மருத்துவமனை நம் பகுதியிலேயே இருப்பது ஒரு வசதி. புகைக்குப் பின் இருமல் நீடித்தால் அங்கே காட்டுங்கள்.

7. தொழுகையும் நோன்பும்

மழை கொட்டிய ஒரு நாளில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், வீடுகளிலேயே தொழுதுகொள்ளுமாறு பாங்கில் அறிவிக்கச் செய்தார்கள். மக்கள் வியந்தபோது, தம்மைவிடச் சிறந்தவர் (ஸல்) இதைச் செய்திருக்கிறார் என்று விளக்கினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இந்தச் செய்தி உண்டு. சேற்றில் நடக்கும் சிரமத்துக்கே இந்தச் சலுகை என்றால், நச்சுப் புகையில் முதியவர்களை வரவழைக்க வேண்டியதில்லை என்பது விளங்கும். உள்ளூர் இமாம் அறிவித்தால் தயங்காமல் வீட்டில் தொழுங்கள்.

நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்யலாம் என்பது குர்ஆனே தரும் அனுமதி. நோன்போடு இன்ஹேலர் பயன்படுத்துவது பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனால் மூச்சுத் திணறும் நேரத்தில் முதலில் மருந்து. மஸ்அலாவைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

8. ஜமாஅத் செய்யக்கூடியவை

தனியாக வாழும் முதியவர்கள், ஆக்சிஜன் தேவைப்படுவோர், ஆஸ்துமா உள்ள குழந்தைகள் யார் யார் என்று ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு பட்டியல் இப்போதே இருக்க வேண்டும். தெருவுக்கு இரண்டு இளைஞர்கள் அந்த வீடுகளுக்குப் பொறுப்பேற்கலாம். பட்டியலில் முஸ்லிம் வீடுகள் மட்டும் இருக்கக் கூடாது. புகை கதவெண் பார்த்து வருவதில்லை. தீயணைப்பு வீரர்களுக்கும், கிடங்கிலேயே வேலை செய்யும் தூய்மைப் பணியாளர்களுக்கும், குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்களுக்கும் தண்ணீரும் கவசமும் கொடுப்பது பெரிய உதவி. ஆனால் வேடிக்கை பார்க்கக் கிடங்குப் பக்கம் போவது அவர்கள் வேலைக்கு இடைஞ்சல்.

வாட்ஸ்அப்பில் வரும் ஒவ்வொரு செய்தியையும் அப்படியே அனுப்பாதீர்கள். மாநகராட்சி, தீயணைப்புத் துறை அறிவிப்புகளை ஒருவர் சரிபார்த்து, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்வது போதும்.

9. அந்தத் தீயில் நம் பங்கு

இதுதான் பாடத்தின் கடினமான பகுதி. கிடங்கில் மீத்தேனாக மாறுவது நம் வீட்டுச் சோறுதான். வலீமா விருந்தில் மிஞ்சிய பிரியாணியும், பிளாஸ்டிக் தட்டும், தண்ணீர் பாட்டிலும் ஒரே கறுப்புப் பையில் போகின்றன. பழைய செல்போன் பேட்டரியும் அதே பையில் போகிறது. நசுங்கினால் அதுவே தீப்பொறி. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுப்பது தூய்மைப் பணியாளருக்கு நாம் செய்யும் தயவு அல்ல. நம் குழந்தைகளின் நுரையீரலுக்குச் செய்யும் கடமை.

காலி மனையில் குப்பையைக் கொளுத்துவது சட்டப்படி குற்றம். சில இடங்களில் கபரஸ்தானில் காய்ந்த புல்லைத் தீ வைத்து அழிக்கும் வழக்கம் இருக்கிறது. நன்மங்கலம், வண்டலூர்க் காப்புக்காடுகள் அருகில் இருக்கும் நாம் அதைக் கைவிட்டு, ஆள் வைத்து வெட்டி அகற்ற வேண்டும். உறங்கும் முன் வீட்டில் நெருப்பை அணைத்துவிடச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். ஒரு வீட்டு விளக்குக்கே அவ்வளவு எச்சரிக்கை என்றால், ஊரையே சூழும் தீக்கு எவ்வளவு வேண்டும்!

குடும்பத்தோடு பேசுவதற்கு:

1. புகை வந்தால் நம் வீட்டில் எந்த அறையில் கூடுவோம்?

2. யாரை, யார் வீட்டுக்கு, எந்த வழியாக அனுப்புவோம்? அந்த உறவினரிடம் இப்போதே கேட்டாயிற்றா?

3. மாத்திரைப் பையும் நான்கைந்து என்95 கவசங்களும் தயாராக இருக்கின்றனவா?

4. பக்கத்து வீட்டில் தனியாக இருப்பவர் யார்? அவருடைய எண் நம்மிடம் இருக்கிறதா?

5. இந்த வாரம் முதல் நம் வீட்டில் குப்பையை எத்தனை கூடைகளில் பிரிப்போம்?

இந்த வெள்ளிக்கிழமை மதிய உணவுக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்கி இந்த ஐந்து கேள்விகளுக்கும் விடை எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள். அல்லாஹ் நம் அனைவரையும், நம் அண்டை வீட்டாரையும் காப்பானாக. ஆமீன்.