கதை நிற்கும் இடத்தில் கணக்கு

எங்கள் பள்ளி இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி. ஒன்று முதல் நூறு வரை தங்குதடையின்றிச் சொல்வாள். ஒருநாள் மேசை மேலிருந்த புளியங்கொட்டைகளைக் காட்டி, “எண்ணிச் சொல்லு கண்ணு” என்றேன். ஒவ்வொன்றாகத் தொட்டு, பதினொன்று வரை சரியாக எண்ணினாள். “அப்படின்னா மொத்தம் எத்தனை?” என்று கேட்டேன். மறுபடியும் ஒன்று, இரண்டு என்று தொடங்கினாள். மூன்று முறை கேட்டும் அதேதான். அவள் பெயருக்கு நேரே ‘1 முதல் 100 வரை அறிவாள்’ என்று குறித்து வைத்திருந்தது நான்தான்.

எண்ணுதல் என்பது ஒரே திறன் அன்று. ரோச்செல் கெல்மன், காலிஸ்டெல் என்ற உளவியலாளர்கள் 1978இல் வெளியிட்ட நூலில் அதன் கூறுகளைப் பிரித்துக் காட்டினர். எண்களை வரிசை மாறாமல் சொல்வது ஒன்று. ஒரு பொருளுக்கு ஓர் எண் மட்டும் கொடுப்பது இன்னொன்று. கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தம் என்று உணர்வது மூன்றாவது. அந்தச் சிறுமிக்கு முதல் இரண்டும் வந்துவிட்டன; மூன்றாவது வரவில்லை. ஒப்புவிக்கச் சொல்லும்வரை இந்தக் குறை நம் கண்ணில் படாது.

இங்கேதான் கதைப் புத்தகம் கைகொடுக்கிறது. ‘நுழை, நட, ஓடு, பற’ என்ற படிநிலைகளில் வாசிப்பு இயக்க நூல்கள் நம் வகுப்புகளுக்கு வந்துள்ளன. அவற்றைத் தமிழ்ப் பாடவேளைக்கு மட்டும் உரியவையாக நாம் ஒதுக்கிவிடுகிறோம். கதையில் எண்ணுக்கு ஒரு தேவை இருக்கிறது. மொத்தம் எத்தனை என்று தெரிந்தால்தான் அடுத்து என்ன நடக்கும் என்று சொல்ல முடியும்.

எல்லாக் குழந்தைகளுக்கும் தெரிந்த பாட்டி வடை சுட்ட கதையையே எடுத்துக்கொள்வோம்.

1. முதல் வாசிப்பு கதைக்காக மட்டும். இடையில் கேள்வி வேண்டாம்.

2. இரண்டாம் வாசிப்பில் ஒரே ஓர் இடத்தில் நிறுத்துங்கள். தட்டில் எட்டு வடை. எண்ணி முடித்ததும் தட்டை மூடிவிடுங்கள். “உள்ளே எத்தனை இருக்கு?” இப்போது தொட்டு எண்ண வழியில்லை, கடைசி எண்ணை நினைவில் வைத்திருந்தால்தான் விடை வரும்.

3. ஒரே பக்கத்தில் மூன்று நிலைக்கும் கேள்வி கேட்கலாம். அரும்பு நிலைக்கு: காக்கா ஒன்றைத் தூக்கிப் போனால் மீதி எத்தனை? மொட்டு நிலைக்கு: பாட்டி இன்னும் ஐந்து சுட்டால்? மலர் நிலைக்கு: நான்கு பேருக்குச் சமமாகப் பங்கிட்டால்?

4. முதலில் புளியங்கொட்டையை வடையாக வைத்து நடிக்கட்டும். பிறகு படம் வரையட்டும். எண்ணும் குறியும் கடைசியில் வரட்டும்.

5. சரியான விடை சொன்ன குழந்தையிடமும் “எப்படிக் கண்டுபிடிச்ச?” என்று கேளுங்கள்.

புத்தகம் போதாத பள்ளிகளுக்கு இணையம் உதவும். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சிக்னல் கிடைக்கும் இடத்தில் பதிவிறக்கிக்கொண்டால், வகுப்பில் இணையம் இல்லாமலே காட்டலாம். காட்டுவதற்கு முன், படத்திலுள்ள பொருள்களை நாமே ஒருமுறை எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது. மணற்கேணி செயலியின் காணொளிகளையும் இதே முறையில் பயன்படுத்தலாம். விடை வருவதற்குச் சற்று முன் நிறுத்தி, குழந்தைகளைக் கேளுங்கள். நிறுத்தாமல் ஓடவிட்டால், யோசிக்கும் வேலையையும் காணொளியே செய்துவிடும்.

இவற்றைவிட எங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்தது அவர்களே செய்த புத்தகம். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் மக்காச்சோளம் பார்க்காத குழந்தை ஏது? வீட்டிலிருந்து ஆளுக்கொரு கருது கொண்டுவரச் சொன்னேன். “ஒரு கருதில் எத்தனை வரிசை?” என்பதுதான் கேள்வி. கருது உருண்டை, எங்கே தொடங்கினோம் என்பதே மறந்துபோகிறது. ஒருவனுக்கு 15, அதே கருதில் அடுத்தவனுக்கு 13. சண்டையே வந்துவிட்டது. கடைசியில் முதல் வரிசையில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு எண்ணினால் குழப்பம் வராது என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். திரும்ப எண்ணியபோது அந்தக் கருதில் 14 இருந்தது. மற்றவற்றில் 12, 14, 16. மக்காச்சோளத்தில் வரிசைகள் பெரும்பாலும் இரட்டைப்படையாகவே இருக்கும். பூக்கள் இணை இணையாகத் தோன்றுவதே காரணம். மூன்றாம் வகுப்புக்கு இரட்டை எண் பாடம் அன்றே நடந்தது.

ஒவ்வொருவரும் தம் கருதை ஒரு பக்கத்தில் வரைந்து, கீழே ஒரு வரி எழுதினார்கள். நூல் கோத்துத் தைத்தோம். வாசிப்பு மூலையில் இப்போது அதுவும் தொங்குகிறது.

அந்தச் சிறுமியின் கருதில் 12 வரிசை. எண்ணி முடித்ததும், “மொத்தம் எத்தனை?” என்றேன். ஒருகணம் கருதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “இப்பதானே எண்ணினேன் டீச்சர், பன்னெண்டு” என்றாள்.

பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே புதிதாக ஒரு வரி எழுதினேன். உங்கள் வகுப்பிலும் நூறு வரை சொல்லும் பிள்ளைகள் இருப்பார்கள். நாளைக்கே அவர்கள் முன் பத்துப் புளியங்கொட்டையை வைத்து, எண்ணி முடித்ததும் “மொத்தம் எத்தனை?” என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.